மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை

பல் செட் செய்கிறவளிடம் சிரித்துக் காரியம் சாதிப்பது கடினம். எதிரே இளிக்கும் வாயில் எது தானாக முளைத்தது, எது போன வருடம் வந்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு டென்டல் லேப்பின் பின்னறையில் உட்கார்ந்து, ஊராரின் வாய்களைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருந்தவள் அவள். பல்லுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனிதர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "வாய்க்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தவ நான். அதுக்கப்புறம் என்ன மரியாதை?" என்பாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு தம்பி. ஆட்டிசம் உள்ளவன். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் விரிப்பை உதறிவிட்டு முதலிலிருந்து மடிப்பான். பேச்சு குறைவு. பேசினால் வேண்டியதை மட்டும் பேசுவான். தங்கள் குடும்பத்தில் அந்த ஒரு விஷயத்தில் தேறியவன் அவன் மட்டும்தான் என்று பல்லுக்காரி சொல்வதுண்டு.

மூன்று மணிக்கு அவன் வேலை முடியும். பஸ் ஏறி வீட்டருகே இறங்கும்போது நிறுத்தத்தில் அம்மா நிற்பாள். அவளோடு வீட்டுக்கு வருவான். ஏழு மணிக்குப் பல்லுக்காரி வந்து சேருவாள். அவனைத் தனியாக விடுவதில்லை. ஒருமுறை விட்டபோது யாரோ கதவை இடித்து இடித்துத் தட்ட, பின்வாசல் வழியாக ஓடிப்போனவனை ஒன்றரை நாள் தேடவேண்டியிருந்தது. பல்லுக்காரியின் புருஷன் இந்த ஏற்பாடு ஒத்துவராமல் நான்காவது வருடமே கழன்றுகொண்டான். அவனுக்குப் பல்வரிசை நன்றாக இருந்தது என்பதைத் தவிர அவனைப் பற்றி அவள் வேறெதுவும் சொல்வதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். பகலில் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா கிடைத்தாள். ஆனால் வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு ஆளைத்தான் பார்ப்பேன்."

ஆக, மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை. நாலே மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் உலகத்தில் ஆளில்லாமல் போனது.

முதலில் வந்து மூக்கை நுழைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்மாவின் கட்டில் கால்மாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களில் மூன்றைத் தானே உரித்துத் தின்றுவிட்டு, ஆலோசனை சொன்னார்.

"எங்கயாவது ஒரு இல்லத்துல சேர்த்துடலாமேம்மா. அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

"உங்களைச் சேர்த்துடலாமா மாமா?" என்றாள் பல்லுக்காரி. "அவனுக்காவது மூணு மணி வரைக்கும் வேலை இருக்கு. உங்களுக்குக் காலையிலிருந்தே ஒண்ணும் இல்லையே."

மாமா அதன்பிறகு போனில்தான் நலம் விசாரித்தார்.

"சங்கத்துக்குப் போய்ப் பாருடி," என்றாள் அம்மா, படுத்தபடியே.

சங்கம் என்றால் அம்மா தொடங்கிய சங்கம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளின் தாய்மார் ஆறு பேர் ஒரு தையல் கடையின் மாடியில் கூடி, ஒருத்தி வெளியே போனால் மற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று முறை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் சங்கம். பிறகு அதற்கு ஒரு பெயர் வந்தது, முத்திரை வந்தது, கட்டடம் வந்தது. கட்டடம் வந்ததும் அதில் உட்காரப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். தாய்மார்கள் மெல்லக் கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்து வாசலுக்குப் போய், வாசலிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. டென்னிஸ் கிளப் தேர்தலில் தோற்ற வருடம், எங்காவது தலைவராக இருந்தே தீரவேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தவர்.

பல்லுக்காரி மறுநாள் போனாள். வரவேற்பறைச் சுவரில் ஆளுயரப் படம். ஏழு வயதுத் தம்பி, கையில் நீல பலூன். கீழே பெரிய எழுத்தில்: "வாழ்நாள் முழுவதும் உங்களோடு." அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"குழந்தையோட வயசு எத்தனை மேடம்?"

"நாப்பத்திரண்டு."

"உங்க வயசு இல்ல மேடம், குழந்தையோடது."

"அதைத்தான் சொன்னேன். உன் தலைக்கு மேல பலூன் வச்சிக்கிட்டு நிக்கறானே, அவன்தான்."

அந்தப் பெண் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். படிவத்தில் வயதுக்குப் பதினெட்டு வரைதான் கட்டங்கள் இருந்தன. பதினெட்டுக்கு மேல் ஆட்டிசம் உள்ளவர்கள் ஆவியாகிவிடுவார்கள் என்று அதை அச்சடித்தவன் நினைத்திருக்க வேண்டும். அவள் எழுந்து உள்ளே ஓடித் தலைவரையே அழைத்து வந்தாள்.

தலைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசையில் ஆறு பல் பல்லுக்காரியின் கைவேலை. இடதுபக்கக் கோரைப்பல்லைச் சற்று உயர்த்தி வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. மனிதரிடம் நன்றாக இருந்தது அந்த ஆறு மட்டும்தான்.

"உங்க அம்மா எங்களுக்கெல்லாம் ஒரு விளக்கும்மா! என்ன வேணும், சொல்லுங்க."

"தினம் நாலு மணி நேரம் தம்பியோட இருக்க ஒரு ஆள் வேணும். ஆறு வாரத்துக்கு. அவன் கத்த மாட்டான், அடிக்க மாட்டான். பக்கத்துல ஒருத்தர் சத்தம் போடாம உக்காந்திருந்தா போதும்."

தலைவர் கண்ணை மூடி ஆழமாக யோசித்தார். நாட்டின் எல்லைப் பிரச்சினையைத் தீர்க்கச் சொன்னால்கூட அவ்வளவு நேரம் மூடியிருக்க மாட்டார்.

"ஆள் அனுப்பற திட்டம் நம்ம கிட்ட இல்லம்மா. ஆனா, பராமரிக்கறவங்களோட மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிலரங்கம் இருக்கு. ரெண்டு மணி நேரம். மூச்சுப் பயிற்சியெல்லாம் சொல்லித் தருவாங்க. நீங்க அவசியம் வரணும்."

"நான் மூச்சு விட வந்தா அவனை யாரு பார்த்துப்பா?"

"அதானே," என்று ஆமோதித்தார் தலைவர், ஏதோ நகைச்சுவையைக் கேட்டதுபோல. "அடுத்த மாசம் ஆண்டு விழா. உங்க அம்மாவுக்குச் சிறந்த தாய் விருது கொடுக்கறதா கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம். தம்பியையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் ரொம்ப நெகிழ்ந்து போயிடுவாங்க."

பல்லுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தலைவர் கையில் திணித்த கையேட்டில் பதினான்கு பக்கம். பன்னிரண்டில் தலைவர் யாருக்கோ எதையோ கொடுத்துக்கொண்டிருந்தார்.

லேப் முதலாளி பெரிய மனசு பண்ணி, ஒரு வாரத்துக்கு மட்டும் இரண்டரை மணிக்கே கிளம்ப விட்டார். பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்குப் பதிலாக அவள் நின்றாள். மூன்றாவது நாள், கடைசி நேரத்தில் ஒரு அவசர வேலையைத் தலையில் கட்டினார். அவள் ஓட்டமும் நடையுமாக நிறுத்தத்துக்கு வந்தபோது மணி நாலே கால். தம்பி இல்லை. பக்கத்துக் கடைக்காரனைக் கேட்டாள். அவன் பார்க்கவில்லை. அடுத்த பஸ் வந்தது, அதிலும் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் ஓடினாள். அப்போதுதான் போன் அடித்தது.

"உன் தம்பி இங்கதான் இருக்கான். பஸ் ஏறல," என்றது ஒரு குரல். போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்தாலும் கேட்கும் குரல்.

அது சலவைக்கூட மேற்பார்வையாளர். இடி என்று பட்டப்பெயர். ஐம்பது வயதுக்காரி, தூண்மாதிரி உடம்பு. துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே முப்பது வருடம் கத்திக் கத்திப் பழகியவள்; வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருவே எழுந்து கொடுக்கும் என்பார்கள். பல்லுக்காரி அவளை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் பிடிக்கவில்லை. படிக்காதவள், முரடு, தம்பியை வேலை வாங்குகிறவள் என்று ஒரே மூச்சில் முடிவுகட்டி வைத்திருந்தாள்.

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடுதான் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தாள். உள்ளே சோப்பு வாசனையும் சூட்டு ஆவியும். தம்பி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எதிரே உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி. உள்ளே துண்டுகள் ஏறி விழுந்து ஏறி விழுந்து சுற்றிக்கொண்டிருந்தன. அவன் அதையே பார்த்தபடி இருந்தான்.

"மூணு மணிக்கு வேலை முடிஞ்சவனை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க? கேட்க ஆளில்லைன்னு நினைச்சீங்களா?"

இடி உதட்டில் விரலை வைத்தாள். அவள் கிசுகிசுத்துப் பேசியதைப் பல்லுக்காரி அன்றுதான் கேட்டாள். நம்பமுடியாத கிசுகிசு அது.

"மெதுவா பேசு. இன்னிக்கு மூணு மணியிலிருந்து இங்க ரேடியோகூடப் போடல, அவன் இருக்கான்னு. நான் நிறுத்தல. அவனா நின்னான். ஏன்டா பஸ் ஏறலன்னு கேட்டேன். 'அம்மா ஸ்டாப்ல இல்ல'ன்னான்."

"நான்தான் நிக்கறேனே!"

"நேத்து பத்து நிமிஷம் லேட்டா வந்தியாமே. முந்தாநாள் ஆறு நிமிஷம். 'அக்கா சில நாள் இருக்கா'ங்கறான். சில நாள் இருக்கறதை நம்பி யாரு பஸ் ஏறுவா? நானா இருந்தாலும் ஏற மாட்டேன்."

பல்லுக்காரி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா இருக்கணும் உனக்குன்னு கேட்டேன். 'இங்க. ஏழு வரைக்கும்'னு சொல்லிட்டான். இத்தனை நாளா ஊரெல்லாம் போய்க் கேட்டியாமே. இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கத்தில் கேட்டாள், மாமாவிடம் மல்லுக்கட்டினாள், முதலாளியிடம் பல்லைக் காட்டினாள். அவனிடம் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தலைவரின் படிவத்தைப் பார்த்து அவளுக்கு வந்த இளக்காரம், இப்போது திரும்பி வந்து அவள் மேலேயே உட்கார்ந்தது.

"பார்த்துப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் ஒருத்தி முடியாது. ட்ரையர்காரன் இருக்கான், இஸ்திரி போடற பொண்ணுங்க ரெண்டு பேர் இருக்காங்க. சாயங்கால ஷிப்ட்ல யாராவது ஒருத்தர் எப்பவும் இருப்போம். மேல எவனாவது கேட்டா நான் பேசிக்கறேன். நான் பேசினா அவனுங்களுக்குக் காது வலிக்கும், சரின்னுடுவானுங்க."

அப்படித்தான் ஆறு வாரமும் ஓடியது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். போரடித்தால் தாழ்வாரத்தில் நாற்பது தடவை நடப்பான். ட்ரையர்காரன் தன் பாட்டுக்கு வேலை பார்ப்பான். அவனுக்கு ஆட்டிசம் என்ற சொல்லை ஒழுங்காகச் சொல்லக்கூட வராது. ஆனால் இயந்திரம் நிற்கும்போது மணியடிக்கும் என்பதால், அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே தம்பியிடம் வந்து "அடிக்கப்போகுது" என்று சொல்லிவிடுவான். பதினான்கு பக்கக் கையேட்டில் இது இல்லை.

ஆண்டு விழா வந்தது. போகவேண்டாம் என்றாள் பல்லுக்காரி. போயே ஆகவேண்டும் என்றாள் அம்மா. அப்போது சக்கர நாற்காலியில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

"அந்த விருதை வாங்கி என்னம்மா பண்ணப்போற? கதவுக்கு அண்டக் கொடுக்கவா?"

"நான் ஆரம்பிச்ச சங்கம்டி. உள்ள வந்து பார்க்கறேன், என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு."

தம்பியிடம் இந்தமுறை கேட்டார்கள். "அரை மணி நேரம்," என்றான். பல்லுக்காரி தலைவருக்கு மூன்று முறை போன் செய்தாள். கைதட்டல் வேண்டாம், ஒலிபெருக்கியை மேடைப் பக்கம் திருப்பவேண்டாம், வாத்தியம் எதுவும் வேண்டாம். மூன்று முறையும் "நிச்சயமா, நிச்சயமா" என்றார். நிச்சயமா என்பது அவருக்கு ஒரு தொண்டைச் செருமல் மாதிரி.

அரங்கத்துக்குள் நுழையும்போதே பேண்டு வாத்தியம் முழங்கியது. முன்வரிசையில் பிரமுகர்கள். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், ஓடிப்போக வசதியாகக் குடும்பங்கள். காதைப் பொத்திய பிள்ளைகள், பிள்ளைகளின் காதைப் பொத்திய தகப்பன்கள், முப்பது வயது மகளை மடியில் சாய்த்துக்கொண்ட ஒரு தாய். அவர்களுக்காக நடக்கிற விழாவில் அவர்களைத் தவிர எல்லாருக்கும் வசதி இருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். தம்பி மேடையோரத்தில் நின்றான். ஒலிபெருக்கி அவன் முகத்துக்கு நேராக. "சமூகம் என்பது ஒரு குடும்பம்..." என்று அவர் ஆரம்பித்ததும் மைக் கிறீச்சிட்டது. தம்பி கண்ணை இறுக மூடினான். "பலத்த கரகோஷம் கொடுப்போம்!" என்றார் தலைவர். முன்வரிசை கொடுத்தது. பல்லுக்காரி மேடையை நோக்கி ஓடினாள். அதற்குள் தம்பி படியிறங்கி, ஒலிபெருக்கிக்காரனின் மேசைக்குப் போய், சுவரோரம் குனிந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

அரங்கமே அடங்கியது. தலைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் கையை ஆட்டி ஒலிபெருக்கிக்காரனுக்குச் சைகை காட்டினார். அவன் பிளக்கைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவன் அவன்தானே.

கடைசி வரிசையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

அந்த அமைதியில் அம்மா பேசினாள். குரலை உயர்த்தவில்லை, தேவையும் இருக்கவில்லை.

"நாங்க ஆறு பேரு தையல்கடை மாடியில உக்காந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். நமக்கு அப்புறம் யாருன்னு. இப்ப நான் சாகக்கூட இல்ல, இடுப்புதான் ஒடிஞ்சது. அதுக்கே இந்தக் கட்டடத்துல ஒரு ஆள் இல்ல. சலவை பண்ற இடத்துல நாலு பேர் இருந்தாங்க. இந்த விருதை அங்க அனுப்பிடுங்க. இல்ல, வேண்டாம், அவங்களுக்கு வேலை இருக்கு. நீங்களே வச்சிக்கங்க."

அரை மணி முடிய நாலு நிமிடம் இருந்தது. தம்பி வாசலில் போய் நின்று முடியும்வரை காத்திருந்தான். சொன்னால் சொன்னதுதான்.

வெளியே வரும்போது, முப்பது வயது மகளோடு வந்திருந்த தாய் பின்னாலேயே வந்தாள். "அந்தச் சலவைக்கூடம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பம்.

சலவைக்கூடத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை. இடி மேலிடத்தில் போய்க் கத்தி, பழைய கட்டில்கள் போட்டுவைத்திருந்த ஒரு கிடங்கறையைக் காலி செய்ய வைத்தாள். ஐந்து குடும்பம், ட்ரையர்காரன், இஸ்திரிப் பெண்கள், வேலை முடிந்து வரும் ஒலிபெருக்கிக்காரன் என்று கிழமைக்கு ஒருவர் முறை வைத்துக்கொண்டார்கள். மூன்றிலிருந்து ஏழு வரை. அங்கே வருகிறவர்களில் இளையவளுக்குப் பத்தொன்பது, மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு. பேச விருப்பமுள்ளவர் பேசுவார். இல்லாதவர் சுவரைப் பார்ப்பார். யாரும் யாரையும் நெகிழ வைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தலைவர் வந்தார், கூடவே ஒரு புகைப்படக்காரனோடு. இந்த மாதிரி முயற்சிகளைத்தான் சங்கம் தொடக்கத்திலிருந்து ஊக்குவித்து வருகிறது என்று வாசலிலேயே ஆரம்பித்தார். சங்கத்தின் பெயர்ப்பலகை ஒன்றை மாட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார்.

இடி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லதுங்கய்யா. நீங்க எந்தக் கிழமை எடுத்துக்கறீங்க?"

"எந்தக் கிழமைன்னா?"

"இங்க உக்காரத்தான். செவ்வாய்க்கிழமைக்கு இப்ப ஆள் இல்ல. நாலு மணி நேரம். ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா பேசாம உக்காந்திருக்கணும்."

பேசாமல் என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் முகம் வெளிறியது. கமிட்டியில் வைத்துச் சொல்வதாகச் சொன்னார். நிச்சயமா என்றார். புகைப்படக்காரன் காமிராவை எடுத்தபோது தம்பி "வேண்டாம்" என்றான். அவன் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பல்லுக்காரிதான் போய் உட்காருகிறாள். முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிய அரைநாள் அது. சரியாக மூன்று மணிக்கு, ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், கிடங்கறைக் கதவருகே நிற்பாள். தம்பி கடிகாரத்தைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான். பிறகு உள்ளே போய் உட்காருவான். கமிட்டி இன்னும் கூடவில்லை.